வெயில் பார்த்த பாரி

மரக்கடையில் அன்றைக்குக் கரண்டு இல்லை. ரம்பம் ஓடாத நாளில் எனக்கு அங்கே ஈ ஓட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது என்பதால், காரைக்குடியிலிருந்து பதினோரு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன். படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தால், முற்றத்தின் நட்டநடுவில், பங்குனி வெயில் நேராக விழுகிற இடத்தில், முளைப்பாரிச் சட்டி இருந்தது. பக்கத்தில் என் பெண்டாட்டி மா கின் குத்தவைத்து உட்கார்ந்து, கோழி அண்டாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டிலும், பர்மாப் பெண்கள் வழக்கப்படி, விளாம்பட்டையை அரைத்துப் பூசியிருந்தாள். மனசுக்கு நிறைவாக இருக்கிற நாளில்தான் அவள் அதைப் பூசுவாள்.

“பாருங்க கோ மருது,” என்றாள். ‘கோ’ என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன், புருஷனுக்கும் அதே மரியாதைதான். “மஞ்சளாக் கெடந்துச்சு, சீக்குப் பிடிச்ச புள்ள கணக்கா. மூணு நாளா வெயிலு காட்டுறேன். பச்சை வந்துருச்சு.”

பார்த்தேன். தட்டாம்பயறும் மொச்சையும் சோளமும் கரும்பச்சையாக, ஒரு சாண் உயரம்கூட இல்லாமல், தண்டு தடித்து, வெயில் பக்கம் சாய்ந்து நின்றன. செடி என்று பார்த்தால் குறை சொல்ல முடியாத செடி. வயலில் இப்படி ஒரு நாற்று நின்றால் என் அண்ணன் பெரியகருப்பன் வரப்பில் நின்று மீசையைத் தடவுவார். ஆனால் முளைப்பாரி அப்படி நிற்கக் கூடாது.

எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே தெரிகிற விஷயம் இது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியதும், வீட்டுக்கு வீடு மண்சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி, ஒன்பது தானியத்தைத் தூவி, ஜன்னல் இல்லாத அறைக்குள் வைத்து அடைத்துவிடுவார்கள். தண்ணீர் தெளிக்க மட்டும்தான் கதவு திறக்கும். வெளிச்சம் படாத பயிர் முழ உயரத்துக்கு, வெளுத்த மஞ்சளில், நூல் நூலாக வளரும். ஒன்பதாம் நாள் அதைத் தலையில் ஏற்றி ஊர்வலம் போய் ஊருணியில் கரைத்துவிட வேண்டும். ஏதாவது நேர்ந்துகொண்டு போட்டால், பாரி வளர்ந்த அழகைப் பார்த்தே காரியம் கைகூடுமா கூடாதா என்று சொல்லிவிடுவார்கள். வெயில் பார்த்த பாரியை ஆத்தா வாங்கமாட்டாள்.

என் மதினி ஒச்சம்மாள்தான் மா கின்னுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது. கவுச்சி ஆகாது, செருப்புப் போடக் கூடாது, பாயில் படுக்கக் கூடாது, அறைக்குள் போகுமுன் குளிக்க வேண்டும் என்று ஒரு கூடை நிறையச் சொல்லியிருந்தது. வெளியில் எடுக்காதே என்று மட்டும் சொல்லவில்லை. வெளியில் எடுப்பாள் ஒருத்தி என்று மதினிக்கு எப்படித் தோன்றும்? இந்த ஊரில் பிறந்த எந்தப் பைத்தியமும் அதைச் செய்ததில்லை.

சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

“ஏன்?” என்றாள்.

“இருட்டுலதான் வளரணும். சாமிக்கு அப்படித்தான்.”

“அக்கா சொல்லலையே.” அவள் முகம் சின்னதாகிவிட்டது. “அப்பத் தப்பாயிருச்சா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது,” என்றேன். பொய் சொல்ல எனக்கு அதற்குள் நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது.

அவள் பாரி போட்டது எங்கள் மகனுக்காக. நான் வைத்த பெயர் ஐயனார், அவள் கூப்பிடுகிற பெயர் மவுங் மவுங். அறுபத்து நாலில் பர்மா சர்க்கார் எங்கள் ஆட்களை ரங்கூனை விட்டுக் கிளம்பச் சொன்னபோது அவனுக்கு எட்டு வயது. கப்பலுக்கு நாலு நாள் இருக்கையில் அம்மை போட்டுவிட்டது. அம்மை கண்டவனைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். நான் கிளம்பியே தீர வேண்டும். மா கின் இருந்துவிடுகிறேன் என்றாள். நான்தான் விடவில்லை. ஊரில் போய் நான் ஒற்றை ஆளாக நின்றால் பெண்டாட்டி பிள்ளையைத் தொலைத்தவன் என்பார்களே என்று எனக்குப் பயம். “ரெண்டே மாசம். உங்கம்மா பாத்துக்கிருவா. எறங்குனதும் பயலுக்கு வேற கப்பல்ல எடம் போட்டுருவோம்” என்றேன். இனி திரும்பி வரமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அவளும் போட்டாள். அதில் என்ன எழுதியிருந்தது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ரெண்டு மாசம் ஆறு வருஷமாகிவிட்டது.

அம்மையால் பிரிந்த பிள்ளையை அம்மைக்காரிதான் சேர்த்துவைக்க வேண்டும் என்று கண்டுபிடித்ததும் மதினிதான். ஊர்ப் பெண்களிடம் மல்லுக்கு நின்று, “அவளும் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டவதான, அவ புள்ளைக்கு அவ போடாம நானா போடுறது?” என்று கேட்டு, ஆறாவது வருஷம் அனுமதி வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு மா கின் மதினியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

தையில் ரங்கூனிலிருந்து எனக்கு ஒரு கடுதாசி வந்திருந்தது. வீட்டு முகவரிக்கு இல்லை, மரக்கடைக்கு. எழுதியது சிவசங்கரன். நகை வேலை செய்கிறவன், அங்கேயே தங்கிவிட்டவன், என் சிநேகிதன். “பயலை அவன் தாய்மாமன் தன் பிள்ளையாகப் பதிந்துகொண்டான். புது அடையாள அட்டையில் பெயர் மவுங் டின். அப்படிச் செய்யாவிட்டால் அவனுக்கு அங்கே வழியில்லை. இனி அவன் உன் பிள்ளை என்று எந்த ஆபீசிலும் போய் நிற்க முடியாது. நின்றால் அவர்களுக்குத்தான் ஆபத்து. உன் மாமியார்க் கிழவி உங்கள் கடுதாசியை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாள், இனி எழுத வேண்டாம் என்று அழுதுகொண்டே சொன்னாள். பயலைப் பார்த்தேன். தமிழில் பேசினேன், அவனுக்கு விளங்கவில்லை. நல்ல வளர்த்தி. உங்களைப் பற்றி அவன் கேட்கவில்லை, மருது.”

அதை நாலாக மடித்து, கடையில் தேக்குச் சட்டங்கள் அடுக்கியிருக்கிற மேடைக்கு அடியில் செருகிவைத்தேன். தைப்பூசம் கழியட்டும் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு மாசி கழியட்டும் என்றிருந்தேன். பங்குனியில் அவள் மொச்சையையும் பயறையும் முறத்தில் பரப்பி, சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நானும் உட்கார்ந்து சொத்தை பொறுக்கினேன்.

ரங்கூனுக்கு நான் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பசுண்டாங் ஆற்றங்கரையில் ஒரு மரவாடியில் வேலை. போய் இறங்கிய முதல் சித்திரையில், ஒன்றும் தெரியாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தேன். ஒரு அம்மாள் வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு கொத்துத் தழையுமாக வழி மறித்து என்னவோ கேட்டாள். எனக்குப் பாஷை தெரியாது, சும்மா நின்றேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தோளில் மெதுவாக ஊற்றிவிட்டாள். அது அவர்களுடைய வருஷப் பிறப்பு, திஞ்சான் என்பார்கள். போன வருஷத்துப் பாவத்தைக் கழுவுகிற தண்ணீர். பிறகு உட்காரவைத்து, கொழுக்கட்டை மாதிரி ஒரு உருண்டை கொடுத்தார்கள். எல்லாருக்கும் உள்ளே வெல்லம், எனக்கு மட்டும் பச்சை மிளகாய். கண்ணில் தண்ணீர் வர நான் விழித்ததைப் பார்த்து வாசற்படியில் நின்ற ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள்தான் மா கின். ஊற்றியது அவள் அம்மா. நான் எந்த ஊர், என்ன சாதி, எதற்கு வந்தேன் என்று அந்தத் தெருவில் அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. பதினாலு வருஷம் அந்த நகரத்தில் தீபம் ஏற்றினேன், படகுப் போட்டிக்குக் கத்தினேன், புத்தர் கோயில் படியில் பூ வாங்கினேன். ஒருநாளும் நான் வெளியூர்க்காரன் என்று எனக்குத் தோன்றியதில்லை. அறுபத்து நாலில் தோன்றவைத்தார்கள், அது வேறு விஷயம்.

அதே திஞ்சானை மா கின் எங்கள் ஊருக்கும் கொண்டுவந்தாள். வந்த மறுவருஷம், சித்திரை ஒன்று. எங்கள் பக்கம் அன்றைக்கு நல்லேர் பூட்டுகிற நாள். என் அண்ணன் புது வேட்டி கட்டி, மாட்டுக்குப் பொட்டு வைத்து, கலப்பையும் விதைப்பெட்டியுமாகத் தெருவில் இறங்குகிறார். இவள் செம்பும் வேப்பங்கொத்துமாக எதிரே போய், பர்மா பாஷையில் மரியாதையாக அனுமதி கேட்டுவிட்டு, அவர் தோளில் ஒரு செம்பு ஊற்றிவிட்டாள். தெரு அப்படியே நின்றது. ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மைல் நடக்கிற ஊர் அது. மதினி ஓடி வந்து, “பச்சத்தண்ணிதான! மழைக்கு நல்ல சகுனம்னு நெனச்சுக்கிட்டுப் போங்க, சும்மா நிக்காம” என்று அவரைத் தள்ளிவிட்டது. அந்த வருஷம் மழை பெய்யவில்லை.

அதிலிருந்து திஞ்சான் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. வருஷம் ஒரு செம்பு, என் தோளில் மட்டும். மற்றபடி இந்த ஊர்த் திருவிழா ஒன்றையும் அவள் விட்டதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி மலை ஏறுவாள். காவடி எடுத்து வருகிற பையன்களில் மகன் வயதுப் பையன்களாகப் பார்த்து, இவ்வளவு உயரம் இருப்பானா, இவ்வளவு கறுப்பா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே நிற்பாள். கொத்தமங்கலத்தில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது முகப்புத் தூணில் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை. பர்மாத் தேக்கு. அந்தத் தூணைப் பார்த்து மட்டும் யாரும் நீ எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஊர் அவளுக்கு நாச்சியார் என்று ஒரு பெயர் வைத்தது, பிறகு பர்மாக்காரி என்றே கூப்பிட்டது. அவள் பதிலுக்கு எல்லாரையும் ‘வாங்க’ என்பாள், ஆட்டுக்குட்டியைக்கூட.

எட்டாம் நாள் பிற்பகல் பெண்கள் வந்தார்கள். ஊர்வலத்துக்கு முதல்நாள் வீடுவீடாகப் போய்ப் பாரியைப் பார்ப்பது வழக்கம். முன்னால் காளியாயி. கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கிறவள், ஊரில் அவள் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. பின்னால் மதினியும் இன்னும் நாலு பேரும். நான் முற்றத்து ஓரத்தில் நின்றேன். இரண்டு நாள் இருட்டில் கிடந்தும் பயிர் வெளுக்கவில்லை. மா கின் குளித்து, ஈரத்தலையில் முக்காடு போட்டுச் சட்டியைத் தானே தூக்கிவந்து காளியாயியின் காலடியில் வைத்தாள்.

காளியாயி குனிந்து ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மதினியைப் பார்த்தாள். மதினியின் முகம் செத்துவிட்டது.

“இது வெயிலு பாத்த பாரில்ல, ஒச்சம்மா?”

“நான் சொல்லலக்கா,” என்றது மதினி. “சொல்லணுமுன்னே தோணல. எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்.”

காளியாயி கெட்டவள் இல்லை. கத்தினால்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் மா கின்னின் தலையைத் தடவிக் கொடுத்து, “தெரியாமச் செஞ்சதுதான் தாயி. ஆனா இதத் தூக்கிக்கிட்டு ஆத்தா மின்ன வரப்பிடாது. அடுத்த வருசம் போடு, நானே வந்து வெத தூவித் தாரேன்” என்றாள்.

“அப்ப எம் புள்ள?” என்றாள் மா கின்.

மதினி குனிந்து சட்டியைச் சுவர் ஓரமாக நகர்த்தியது.

“எம் புள்ள வருவானுல்ல?”

பின்னால் நின்றவர்களில் ஒருத்தி, வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் தவறித்தான் சொல்லியிருப்பாள். “வர்ற புள்ளைய நீயே வெயில்ல வச்சுக் கருக்கிப்பிட்டியேம்மா.”

மதினி திரும்பி அவளை ஏசியது. காளியாயி அதட்டினாள். ஆனால் சொல் விழுந்துவிட்டது. அது மா கின்னுக்குள் போய் உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் அழவில்லை. தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் நான் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ ஒன்றும் செய்யவில்லை மா கின், நீ விதை போடுகிறதுக்கு இரண்டு மாசம் முன்னாலேயே அவன் நம் பிள்ளை இல்லாமல் போய்விட்டான் என்று. அவள்மேல் விழுந்த பழி போயிருக்கும். மகனும் போயிருப்பான். எது பெரிது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உண்மை அது இல்லை. கடுதாசியை ஏன் மறைத்தாய் என்று அவள் கேட்பாளே என்று பயந்தேன். பெண்கள் போகிறவரை வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் ஊர்வலம் போயிற்று. கொட்டும் குலவையுமாக நாற்பது நாற்பத்தைந்து பாரிகள், எல்லாம் ஒரே வெளுத்த மஞ்சள், நடைக்கு நடை அசைந்துகொண்டு போயின. மா கின் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மதினி எங்கள் வாசலுக்கு வந்தபோது குலவை போடவில்லை, தலையைக் குனிந்துகொண்டு போனது. ஊருணியில் எல்லாவற்றையும் கரைத்துவிட்டுக் கூட்டம் திரும்பிய பிறகு, ஊரில் மிஞ்சியிருந்தது எங்கள் வீட்டுப் பாரி ஒன்றுதான்.

அதைத் தூக்கி எருக்குழியில் போடு என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். மா கின் கேட்கவில்லை. இனிமேல் இருட்டில் வைத்து என்ன ஆகப்போகிறது என்று முற்றத்திலேயே வைத்தாள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். சட்டிக்குள் வேர் ஓட இடமில்லை. மொச்சைக் கொடி பக்கத்துச் சோளத்தின்மேல் ஏறி, இரண்டும் சேர்ந்து சாய்ந்தன. நெல் நுனி கருகிவிட்டது. எருவின் சத்துத் தீர்ந்ததும் கரும்பச்சை மெல்ல மங்கி, அடி இலைகள் மஞ்சளாயின. அவள் முதல் தடவை பார்த்துப் பயந்த அதே மஞ்சள். இந்தத் தடவை அதை எங்கே தூக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் மரக்கடையில் கடுதாசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தேன். பஸ் வந்தது. திரும்பிப் போய் அதே மேடைக்கு அடியில் செருகிவிட்டுத்தான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

சித்திரை ஒன்று காலையில் ஆண்கள் எல்லாரும் நல்லேர் பூட்டப் போய்விட்டார்கள். நானும் போக வேண்டியவன், தலைவலி என்று இருந்துவிட்டேன். மா கின் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாள். செம்பில் வேப்பங்கொத்துப் போட்டிருந்தாள். விளாம்பட்டை பூசியிருந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வழக்கம்போல மேல்துண்டை எடுத்துவிட்டுத் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இந்த வருசம் நீங்க ஊத்துங்க,” என்றாள், செம்பை என் கையில் கொடுத்து. “எனக்கு.”

“நானா? எதுக்கு?”

“வெயில்ல வச்ச பாவம் எங்கிட்ட இருக்கு, கோ மருது. அது போகணும். அது போனாத்தான அவன் வருவான்.”

முழங்காலிட்டு உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டாள். பிடரி வெளுப்பாக, ஒடுங்கிப்போய்த் தெரிந்தது. அவர்கள் பாஷையில் முணுமுணுவென்று என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் மவுங் மவுங் என்பது மட்டும் இரண்டு தரம் காதில் விழுந்தது.

“மா கின்,” என்றேன்.

“ம்?”

குனிந்தபடியே காத்திருந்தாள். வயல் பக்கத்திலிருந்து மாடு ஓட்டுகிற சத்தம் கேட்டது.

“தண்ணி ரொம்பக் குளுந்திருக்கு.”

“பரவால்ல. ஊத்துங்க.”

ஊற்றினேன். தலையில் விழுந்த தண்ணீர் கன்னத்துப் பட்டைச்சாந்தைக் கரைத்துக்கொண்டு, வெளுத்த மஞ்சளாக, மோவாய் வழியே சொட்டியது. “இன்னொண்ணு” என்றாள். இன்னொரு செம்பு ஊற்றினேன். “இன்னொண்ணு.” மூன்றாவது, நாலாவது. தண்ணீர் அவள் முழங்காலைச் சுற்றி ஓடி, மூலையில் சாய்ந்து கிடந்த பாரிச் சட்டியைப் பார்த்துப் போனது. போய்ச் சேருமுன்னே மண் குடித்துவிட்டது. குடத்துக்குள் செம்பை விட்டேன். அடி தட்டியது. அவள் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, அடுத்த செம்புக்காக அப்படியே உட்கார்ந்திருந்தாள்.